கார் ஓடுது... காசு எங்கே ஓடுது?



"இந்தியாவில் வேகமாக வளர்கிற தொழில் எது?" என்று கேட்டால் சாஃப்ட்வேர் என்பார்கள், செல்போன் என்பார்கள். கொஞ்ச நாளாக இந்தப் பட்டியலில் மோட்டார் பந்தயத்தையும் சேர்க்கிறார்கள். சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஐதராபாத் உசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ நடந்தது. அதே வருடம் செப்டம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் மோட்டோ ஜி.பி. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நம்ம சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4, அதுவும் ராத்திரி நேரத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததும், ஆரணி டீக்கடையில்கூட 'பிட் ஸ்டாப்' என்ற வார்த்தை புழங்க ஆரம்பித்துவிட்டது.

சந்தோஷம்தான். நானும் ராத்திரி கண் விழித்து ரேஸ் பார்க்கிற ஆள்தான். ஆனால் மூன்று வருடமாக பி.காம். படித்ததில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் "இதில் வரவு யாருக்கு, செலவு யாருக்கு?" என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியைப் பந்தயத்திடம் கேட்டுப் பார்த்தால் கிடைக்கிற பதில்தான் இந்தக் கட்டுரை.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தயத்தில் நிலையான காசு பார்வையாளர் மாடத்தில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. நாம் மாடத்தை வளர்த்துக்கொண்டு அதைத்தான் தொழில் வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு விமான ஓடுதளங்கள்

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்ற இடம் ரேஸ் பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் உலகப்போரில் விமானப் படைக்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்ததும் சும்மா கிடந்த இடத்தில் கார் ஓட்டினார்கள். 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகக் கோப்பையின் முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது.

நம்ம சென்னைக்கு வடக்கே சோழவரம். அதுவும் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம்தான். 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அங்கே பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1980-கள் வரைக்கும் சோழவரம் ரேஸ் என்றால் ஒரு திருவிழாவே. கொல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்று எல்லா ஊரிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்து கலந்துகொண்டார்கள்.

இரண்டு இடங்களும் ஒரே மாதிரிதான் தொடங்கின, கிட்டத்தட்ட ஒரே காலத்தில். இன்றைக்கு சில்வர்ஸ்டோனைச் சுற்றி ஒரு பெரிய தொழிலே நிற்கிறது. ஃபார்முலா ஒன் அணிகளில் பெரும்பாலானவற்றுக்கு இங்கிலாந்தில் பட்டறை இருக்கிறது. மெர்சிடிஸ் ஜெர்மன் கம்பெனி, ஆனால் அதன் ரேஸ் கார் தயாராவது பிராக்லியில். ரெட் புல் ஆஸ்திரியக் கம்பெனி, அதன் பட்டறை மில்டன் கீன்ஸில். நம்ம சோழவரத்தைச் சுற்றி அப்படி எதுவும் வளரவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்?

பணக்கார நாடு, அதனால் வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் 1950-ல் இங்கிலாந்தே போர்க் கடனில் முழுகியிருந்தது. அங்கே வளர்ந்தது சின்னப் பட்டறைகள். கூப்பர் என்று ஒரு அப்பாவும் மகனும் கராஜ் வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி ரேஸ் கார் கட்டினார்கள். அதே வழியில் போய் 1959, 1960 இரண்டு வருடமும் உலகக் கோப்பையை ஜெயித்தார்கள். அவர்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்க நாலு லேத் பட்டறை, அவர்களிடம் வேலை கற்றுக்கொண்டு தனியாகக் கடை போட்ட நாலு பேர் என்று அந்த வட்டாரம் முழுவதும் ஒரு வேலை பரவியது.

நம்ம பக்கம் அப்போது லைசென்ஸ் காலம். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் - இவ்வளவுதான் கார். இறக்குமதி என்று வாயைத் திறந்தாலே அனுமதிச் சீட்டு. அப்படியும் நம்ம மெக்கானிக்குகள் அந்த வண்டிகளையே பிரித்து மேய்ந்து ரேஸ் ஓட்ட வைத்தார்கள். கைத்திறன் இருந்தது, அது தொழிலாக மாறுவதற்கான வழி இல்லாமல் போனது.

ஒரே ஒரு ஊரில் மட்டும் கொஞ்சம் மாறியது. கோயம்புத்தூர். அங்கே மில் குடும்பத்திலிருந்து வந்த கரிவரதன் என்பவர் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை வடிவமைத்தார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். விலை குறைந்த கார், உள்ளூரிலேயே ரிப்பேர் செய்யக்கூடிய கார். நரேன் கார்த்திகேயன் 1990-களின் தொடக்கத்தில் ஓட்டிப் பழகியது அந்தக் காரில்தான். 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003-ல் கோவையில் திறந்த பந்தயத் தளத்துக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள். ஒரு உலகத்தர ஓட்டுநர் உருவாக நமக்குத் தேவைப்பட்டது மலிவான ஒரு உள்ளூர்க் கார், ஓட்ட ஒரு தளம், கழற்றி மாட்டத் தெரிந்த நாலு கைகள். பல நூறு கோடி அல்ல.

நொய்டா கணக்கு

பல நூறு கோடி போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. கிரேட்டர் நொய்டாவில் ஜேபி குழுமம் கட்டிய புத்த் சர்வதேசப் பந்தயத் தளம். ஹெர்மான் டில்கே வடிவமைப்பு, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2011, 2012, 2013 என்று மூன்று வருடம் இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தது. மூன்றையும் வெட்டல்தான் ஜெயித்தார். அதோடு ஃபார்முலா ஒன் மூட்டை கட்டிவிட்டது.

காரணம் எல்லாமே கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. உத்தரப் பிரதேச அரசு இதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளாமல் கேளிக்கை என்று பார்த்தது. கேளிக்கை வரி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், டிக்கெட் வருமானத்தில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொன்னார்கள். சுங்க வரித் தகராறு தனி. பிறகு வருமான வரி. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அந்தத் தளத்தில் ஃபார்முலா ஒன் நிறுவனத்துக்கு 'நிலையான தொழிலிடம்' இருந்தது, அதனால் இங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி கட்டவேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. (வருமான வரிப் பாடத்தில் தூங்குகிற நண்பர்களே, இந்த வழக்கைப் படித்துப் பாருங்கள், தூக்கம் போய்விடும் :-) )

வரி மட்டும்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தளம் என்பது நிலையான செலவு. ரேஸ் நடந்தாலும் நடக்காவிட்டாலும் புல் வெட்டவேண்டும், தார் பார்க்கவேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், வங்கிக்கு வட்டி கட்டவேண்டும். வருடத்தில் மூன்று நாள் கூட்டத்தை நம்பி 365 நாள் செலவை ஏற்றினால் எந்த வியாபாரம் நிற்கும்? கல்யாண மண்டபம்கூட அப்படிக் கட்டமாட்டார்கள். கட்டிய குழுமம் கடனில் சிக்கி, 2024-ல் அதன் தாய்க் கம்பெனி திவால் நடவடிக்கைக்கே போய்விட்டது. அது ரேஸால் மட்டும் வந்த கடன் இல்லை, ரியல் எஸ்டேட் கடனும் சேர்ந்தது. ஆனாலும் ரேஸ் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது உண்மை.

அதே தளத்தில் 2023-ல் வந்த மோட்டோ ஜி.பி. 2024-ல் நடக்கவில்லை, 2025 பட்டியலிலும் இல்லை. ஐதராபாத் ஃபார்முலா ஈ-யும் அப்படியே. 2023-ல் ஒரு தடவை நடந்தது. ஆட்சி மாறியதும் 2024 ஜனவரியில் ரத்து. ஒரு வருடத்துக்கு மேல் ஆயுள் இல்லாததைத் தொழில் என்று எப்படிச் சொல்வது? நிகழ்ச்சி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தில் ரேஸ் நடத்திய அதே கிளப் 1990-ல் திறந்த தளம். 3.7 கிலோமீட்டர் நீளம். புத்த் தளத்தின் பளபளப்பு அங்கே கிடையாது. ஆனால் முப்பத்தைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தேசியப் போட்டிகள், பைக் ரேஸ், பயிற்சிப் பள்ளிகள், கம்பெனிகளின் புது வண்டி அறிமுகம் என்று வருடம் முழுக்க ஏதோ ஒன்று. சின்ன வரவு, அடிக்கடி வரவு. எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் சொல்லும் வியாபாரச் சூத்திரமும் இதுதான்.

தீவுத்திடல் கணக்கு

இப்போது சென்னை ஃபார்முலா 4. முதலில் 2023 டிசம்பரில் நடக்கவேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப்போனது. கொடிமரச் சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரை கிலோமீட்டர் சுற்று. அரசு சாலை போட்டது, தடுப்பு வைத்தது, விளக்கு கட்டியது. வழக்கு போனபோது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் செலவழித்ததாக வந்த தொகை 42 கோடி ரூபாய். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பந்தயத்துக்குத் தடை விதிக்கவில்லை, ஆனால் அந்தப் பணத்தை நடத்துகிற தனியார் நிறுவனம் அரசுக்குத் திருப்பித் தரவேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கிவிட்டது.

சட்டப்படி விஷயம் முடிந்தது. பொருளாதாரப்படி இன்னும் முடியவில்லை. எங்கள் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று உண்டு. ஒரு ரூபாயை இங்கே போட்டால், அதே ரூபாயை வேறு எங்கே போட்டிருக்கலாம் என்பதுதான் அதன் உண்மையான விலை. தமிழ்நாட்டில் 38 மாவட்டம். 42 கோடியைப் பிரித்தால் மாவட்டத்துக்கு ஒரு கோடியே பத்து லட்சம் வருகிறது. ஒரு கோடியில் ஒரு அரசு ஐ.டி.ஐ. ஒர்க்ஷாப்பை என்ன செய்யலாம் என்று அங்கே படிக்கிற உங்கள் நண்பனைக் கேளுங்கள். பாவம், பழைய இன்ஜின் ஒன்றைச் சுற்றி இருபது பேர் நின்று பார்த்துப் படிக்கிறான்.

இன்னொரு சின்ன விஷயம். தீவுத்திடலில் ஓடிய ஃபார்முலா 4 காரின் சட்டகம் பிரான்ஸ் நாட்டு மைகேல் கம்பெனி செய்தது. கோவையில் எல்.ஜி.பி. பெயரில் ஒரு ஃபார்முலா 4 பல வருடமாக ஓடுகிறது. அது மாருதி எஸ்டீம் இன்ஜின் போட்டு இங்கேயே கட்டிய கார். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ஒன்று ஓடினால் காசு பிரான்சுக்குப் போகிறது. இன்னொன்று ஓடினால் கோவை லேத் பட்டறைக்குப் போகிறது. சர்வதேச விதிப்படி நடத்தவேண்டுமானால் அவர்கள் ஒப்புக்கொண்ட கார்தான் வேண்டும், புரிகிறது. ஆனால் எதற்கு அதிகம் கைதட்டுகிறோம், எதற்கு அரசுப் பணம் போகிறது என்பதைக் கேட்கலாம் இல்லையா?

தறி பார்த்தவனுக்குத் தெரியும்

முள்ளிப்பட்டுக்காரன் ரேஸைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று நினைக்கலாம். இந்தக் கணக்கை நாங்கள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டோம், அதனால்தான்.

ஆரணிப் பட்டு என்றால் ஊர் உலகமெல்லாம் பெயர். புவிசார் குறியீடுகூட வாங்கியாயிற்று. ஆனால் புடவையின் விலை எங்கே பிரிகிறது என்று பாருங்கள். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து. விற்பது டவுன் கடை. நடுவில் பாவு பூட்டி, கட்டையடித்து, குழியில் கால் வைத்து நெய்கிற எங்கள் தெருவுக்கு வருவது கூலி. கல்யாணத்தில் அந்தப் புடவையை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். தறியைப் பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர்? பெயர் நம்முடையது, உழைப்பு நம்முடையது, லாபம் மட்டும் வேறு ஊர். எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துகொண்டே வருவதற்கும், பையன்கள் விடிகாலையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறுவதற்கும் இதுதான் காரணம்.

இப்போது ரேஸிலும் அதே வரிசை வருகிறது. கார் வெளிநாடு, உரிமக் கட்டணம் வெளிநாடு, ஒளிபரப்பு வேறு யாருக்கோ. நமக்கு வருவது ரோடு, போலீஸ் பந்தோபஸ்து, இரண்டு நாள் செக்யூரிட்டி வேலை, தண்ணீர் பாட்டில் விற்கிற வேலை. இதுவும் கூலிதான். தறிக்கூலியாவது மாதா மாதம் வரும்!

மறுபக்கமும் கேட்போம்

இதற்குப் பதில் சொல்பவர்கள் சொல்வதில் ஞாயம் இல்லாமல் இல்லை. "பெரிய ரேஸ் வந்தால்தான் ஆர்வம் வரும், ஆர்வம் வந்தால்தான் ஸ்பான்சர் வருவான், ஸ்பான்சர் வந்தால்தான் பட்டறை வளரும். போட்ட சாலை அங்கேயேதான் இருக்கிறது. ஹோட்டல், டாக்சி என்று நாலு பேருக்கு வருமானம்" என்பார்கள். பெருக்கு விளைவு. நாங்களும் படித்திருக்கிறோம்.

ஆனால் பெருக்கு விளைவு வேலை செய்ய, செலவழித்த காசு ஊருக்குள்ளேயே நாலு கை மாறவேண்டும். முதல் கையிலேயே விமானம் ஏறிப் போய்விட்டால் பெருக்க என்ன இருக்கிறது? மலேசியா செபாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடத்தியது. பத்தொன்பது வருடம்! கடைசியில் செலவு ஏறுகிறது, டிக்கெட் விற்பனை இறங்குகிறது என்று அரசே நிறுத்திக்கொண்டது.

ஆர்வம் வருகிறது என்பது உண்மை. அந்த ஆர்வம் எங்கே போய் முட்டுகிறது? எங்கள் ஆரணி ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் பைக்கைச் சாய்க்கிற பையன்கள். டிவியில் ரேஸைக் காட்டிவிட்டோம், ஓட்ட இடம் காட்டவில்லை. சரி, முறையான தளத்துக்கே போகிறவர்கள்? 2023-ல் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தின்போது இரண்டு உயிர் போயிருக்கிறது. ஜனவரியில் 59 வயது அனுபவசாலி, ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ரேஸ் ஆபத்தான விளையாட்டு, உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் காசு எங்கே முதலில் போகவேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது. பாதுகாப்பு வேலி, மருத்துவ வசதி, சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி - இவை மின்விளக்கு போல ஜொலிக்காது. போட்டோவிலும் வராது.

அப்போ என்னதான் செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படி? எனக்குத் தோன்றுவது நாலு.

ஒன்று. அரசுப் பணம் நிரந்தரமாக நிற்கிற பொருளுக்குப் போகட்டும். இரண்டு நாள் காட்சிக்கு ஸ்பான்சர் செலவு செய்யட்டும். அப்படியும் அரசு போட்டால், முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைப் பொதுவில் வைக்கட்டும். எங்கள் ஊர்க் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கே கணக்கு எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுகிறார்கள்.

இரண்டு. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் வருடத்தில் சில நாட்களை அரசு வாடகைக்கு எடுத்து, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கொடுக்கலாம். கோவை கரி தளத்தில் 'ஃபார்முலா பாரத்' என்று பொறியியல் மாணவர்கள் தாங்களே கார் கட்டி வந்து போட்டி போடுகிறார்கள். அதில் காருக்கு மட்டுமில்லை, கார் கட்டிய செலவு அறிக்கைக்கும் வியாபாரத் திட்டத்துக்கும்கூட மதிப்பெண் உண்டு. செலவு அறிக்கை! அதாவது நம்ம காஸ்ட் ஷீட்! காமர்ஸ் மாணவர்களை அந்த அணிகளில் சேர்த்தால் என்ன கெட்டுவிடும்?

மூன்று. பாதுகாப்பு உடை. ரேஸ் ஓட்டுநர் போடுகிற தீப்பிடிக்காத உடைக்குச் சர்வதேசத் தர எண் இருக்கிறது. பைக் ஓட்டுபவனுக்குத் தோல் உடை, கையுறை, பூட்ஸ். தோல் எங்கே இருக்கிறது? எங்களுக்குப் பக்கத்திலேயே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. தையல் எங்கே? திருப்பூர். இங்கே இல்லாதது அந்தத் தரச் சான்றிதழ் வாங்குவதற்கான சோதனைச் செலவு. சின்னக் கம்பெனியால் அதைத் தாங்க முடியாது. அரசு அந்தச் செலவில் பாதியை ஏற்றால்கூட, ரேஸ் இங்கே நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஏற்றுமதி நடக்கும்.

நான்கு. நம் கம்பெனிகள் ஏற்கெனவே காட்டிய வழியைப் பார்க்கலாம். ஓசூர் டி.வி.எஸ். 1982-லிருந்து ரேஸ் அணி வைத்திருக்கிறது. அந்த அனுபவத்தைத்தான் அப்பாச்சி என்ற பெயரில் நம் தெருவுக்கு விற்றார்கள். திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயரைப் போட்ட அணி, 2022-ல் ஐரோப்பிய ராலி பட்டத்தையே வென்றது. ஐரோப்பாக்காரன் மண்ணில், ஐரோப்பாக்காரன் டயரோடு மோதி! இதற்கு நம் ஊரில் யாராவது பட்டாசு வெடித்தோமா? வெடித்திருக்கவேண்டும். பந்தயத்தால் வந்த உண்மையான தொழில் வருமானம் இதுதான்.

டயர் திருவொற்றியூர், பைக் ஓசூர், கார் கட்டத் தெரிந்த கை கோவை, உதிரிபாகம் ஸ்ரீபெரும்புதூர், தோல் ஆம்பூர். ஒரு மாநிலத்துக்குள் இத்தனையும் இருக்கிறது. இதை ஒன்றாகக் கட்டுகிற நூல்தான் இல்லை. பாவும் ஊடையும் தனித்தனியாகக் கிடந்தால் அது புடவை ஆகாது.

அடுத்த தடவை நம்ம ஊரில் ஒரு பெரிய ரேஸ் வருகிறது என்று அறிவித்தால் நானும் டிக்கெட் தேடுவேன், பொய் சொல்லமாட்டேன். கூடவே நாலு கேள்வி கேட்பேன். அந்தக் காரில் எத்தனை பாகம் இங்கே செய்தது? எத்தனை ஐ.டி.ஐ. பையன் அந்தப் பிட்டில் ஸ்பேனர் பிடிக்கிறான்? திங்கட்கிழமை காலையில் கூட்டம் கலைந்த பிறகு யாருக்கு வேலை மிச்சமிருக்கிறது? கணக்கை எங்கே ஒட்டியிருக்கிறார்கள்?

நீங்களும் கேளுங்கள். என் கணக்கில் எங்கேயாவது இடிக்கிறது என்றால் சண்டைக்கு வாருங்கள், பேசுவோம்.